நோட்டுக்குத் திரும்பினவங்களும் திரும்ப முடியாதவங்களும்

பொட்டி தட்டிப் பிழைக்கிறவன் இதை எழுதினால் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிற கதைதான். ஆட்கள் கையால் செய்கிற வேலையை வாங்கி சாஃப்ட்வேர் கையில் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆறு வருஷமா அந்த ஆணியைத்தான் பிடுங்கிக்கிட்டு இருக்கேன். ஆனா எங்க தொழிலில் எந்த டேமேஜரும் பவர்பாயிண்ட்டில் போட்டுக் காட்டாத ஒரு வரலாறு இருக்கு. காசைக் கொட்டி ஆட்டோமேஷனைக் கொண்டு வந்து, கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துட்டு, "போதும்டா சாமி" என்று மறுபடி கைவேலைக்கே திரும்பினவர்களின் வரலாறு.

ஏன் திரும்புறாங்க? "சாஃப்ட்வேர் சரியில்ல" என்பது சோம்பேறிப் பதில். படு மோசமான சாஃப்ட்வேர் இருபது வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு. சுமாரா நல்லாவே ஓடினது எட்டே மாசத்தில் மூட்டை கட்டியிருக்கு. அப்போ காரணம் வேற எங்கேயோ இருக்கணும் இல்லையா? அதைத்தான் கொஞ்ச நாளா நோண்டிக்கிட்டு இருக்கேன்.

எட்டு மாசக் கதையை முதலில் சொல்லிடுறேன். எங்க மாமாவுக்கு நாமக்கல்லில் லாரி தொழில். ஏழு வண்டி. 2017ல் யாரோ சொல்லி ஒரு பேக்கேஜ் வாங்கிப் போட்டார். ட்ரிப் ஷீட், டீசல், டயர், டிரைவர் பத்தா, எல்லாம் அதுக்குள்ளே. நான் அப்போ காலேஜ்; லீவுக்குப் போனால் என்னை உட்கார வைத்து என்ட்ரி போடச் சொல்வார். பேக்கேஜ் ஒண்ணும் மோசமில்லை. கணக்கு தப்பாது, ரிப்போர்ட் பளிச்சுன்னு வரும். ஆனா நாக்பூர் தாண்டி ராத்திரி ரெண்டு மணிக்கு டிரைவர் போன் பண்ணுவார்: டயர் போச்சு, பழைய டயர் ஒண்ணு வாங்கி மாட்டிட்டேன், பில் கிடையாது, லோடு இறக்குற இடத்தில் ரெண்டு நாளா நிக்க வெச்சிருக்கான். இதை எந்தக் கட்டத்தில் போடுறது? பில் நம்பர் இல்லாம அது நகராது. ஆபீஸ் பையன் எல்லாத்தையும் "இதர செலவு"ன்னு தள்ளிவிட ஆரம்பிச்சான். மாசக் கடைசியில் பார்த்தால் பாதிப் பணம் இதரத்தில் இருக்கும்.

பழைய நீள நோட்டில் இதெல்லாம் ஓரத்தில் இருக்கும். "2 நாள் வெயிட்டிங், பார்ட்டிகிட்ட பேசணும்" என்று சாய்த்து எழுதி ஒரு வட்டம். மாமா ஒரே வரியில் முடிச்சார்: "மாப்ள, இதுல வண்டி எங்க நிக்குதுன்னு தெரியுது. ஏன் நிக்குதுன்னு தெரியலயே." நோட்டு திரும்பி வந்துடுச்சு. 2018 ஏப்ரல்ல மாநிலம் தாண்டுற சரக்குக்கு ஈ-வே பில் கட்டாயம் ஆனதால கம்ப்யூட்டர் மட்டும் அதுக்காக மேஜையில் தங்கிடுச்சு.

இதே கதையைப் பல ஆயிரம் கோடி டாலர் அளவில் எடுத்துப் பார்த்தா, சுவாரஸ்யமா எல்லாம் ஒரே கட்டடத்தில் வந்து முடியுது. கலிஃபோர்னியா, ஃப்ரீமான்ட்.

1981ல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவரா ரோஜர் ஸ்மித் வந்தார். ஜப்பான் கார்கள் அமெரிக்க மார்க்கெட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். அவர் கண்டுபிடித்த மருந்து ரோபோ. 1985ல் திறந்த ஹாம்ட்ராமிக் ஃபேக்டரிதான் அந்தக் கனவின் ஷோரூம். அங்கே பெயிண்ட் அடிக்கிற ரோபோக்கள் காருக்குப் பதிலா ஒன்றுக்கொன்று பெயிண்ட் அடித்துக்கொண்ட கதை இன்னிக்கும் ஆட்டோமேஷன் வகுப்புகளில் சிரிப்புக்காகச் சொல்லப்படுது.

வேடிக்கை என்னன்னா, அதே ஜி.எம். அதே நேரத்தில் இன்னொரு பரிசோதனையும் செய்தது. ஆள் வராமை, சண்டை, தரமில்லாத கார் என்று பேர் எடுத்து 1982ல் மூடப்பட்ட ஃப்ரீமான்ட் ஃபேக்டரியை, டொயோட்டாவோடு கூட்டு சேர்ந்து 1984ல் நம்மி என்ற பேரில் திறந்தார்கள். ஆட்களில் பெரும்பாலானவர்கள் அதே பழைய ஆட்கள், அதே யூனியன். ஹாம்ட்ராமிக்கோடு பார்த்தால் மெஷின் ரொம்பக் கம்மி. ஆனா வெளியே வந்த கார்களின் தரம் ஜப்பானில் டொயோட்டா செய்ததற்குப் பக்கத்தில் நின்றது. லைன் ஓரமா ஒரு கயிறு. எதாவது சரியில்லைன்னா தொழிலாளி அதை இழுக்கலாம். சரி பண்ண முடியாவிட்டால் மொத்த லைனும் நிற்கும். என்னைக் கேட்டால் எங்க மாமா நோட்டு ஓரத்தில் போட்ட வட்டம்தான் அந்தக் கயிறு. திட்டத்தில் இல்லாத விஷயத்துக்கு ஒரு இடம்.

2010ல் நம்மி மூடப்பட்டது. அதே வருஷம் அந்தக் கட்டடத்தை வாங்கினது யார்? டெஸ்லா!

மாடல் 3 காரை 2017ல் ஆரம்பித்தபோது, வாரத்துக்கு 5,000 கார், முடிந்த வரைக்கும் ரோபோ என்பது திட்டம். சுவரெல்லாம் அந்த 1984ன் பாடம் எழுதியிருக்கும் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு மறுபடி ரோஜர் ஸ்மித் ஆனார்கள். பேட்டரி பேக் மேலே கண்ணாடி நாரில் செய்த மெத்தை மாதிரி சின்ன விரிப்புகளை வைக்கணும். மனுஷன் கை சும்மா எடுத்து வைக்கும். ரோபோவுக்கு அந்தப் பஞ்சு மாதிரிப் பொருளைப் பிடிக்கவே வரலை. அதனாலேயே உற்பத்தி தடைப்பட, ரோபோவை வேகமாக்க, திருத்த என்று மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கடைசியில் "ஆமா, இந்த விரிப்பு எதுக்கு?" என்று கேட்டால், பேட்டரி டீம் "சத்தத்தைக் குறைக்க" என்றது; சத்தத்தைப் பார்க்கிற டீம் "தீ பாதுகாப்புக்கு" என்றது. விரிப்போடு ஒரு கார், இல்லாமல் ஒரு கார் என்று சத்தத்தைப் பதிவு செய்து பார்த்தால் வித்தியாசமே தெரியலை. விரிப்பையே எடுத்துட்டாங்க. எலான் மஸ்க்கே பின்னாடி ஒரு பேட்டியில் சொன்ன கதை இது. (நம்ம புராஜக்ட்டில் இந்த மாதிரி எத்தனை விரிப்பு இருக்குன்னு எண்ணினால் தூக்கம் வராது.)

2018 ஏப்ரலில் அவர், அளவுக்கு மீறின ஆட்டோமேஷன் தன் தவறுதான், மனுஷர்களைக் குறைச்சு மதிப்பிட்டுட்டோம் என்கிற அர்த்தத்தில் ட்விட்டரில் எழுதினார். பொருட்களைக் கொண்டு போகிற சிக்கலான கன்வேயர் அமைப்பு ஒன்றையே கழற்றிப் போட்டார்கள். ஜூனில் பார்க்கிங் இடத்தில் பெரிய கூடாரம் அடித்து, நிறைய கைவேலையோடு இன்னொரு லைன். அந்த மாசக் கடைசியில் 5,000 வந்தது.

டொயோட்டா அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே வேற மாதிரி திரும்பியிருந்தது. மிட்சுரு கவாய் என்று ஒருத்தர். பதின்வயதில் டொயோட்டாவின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, ஷாப் ஃப்ளோரிலேயே வளர்ந்து, 2017ல் கம்பெனியின் எக்ஸிக்யூட்டிவ் வைஸ் பிரசிடென்ட் வரைக்கும் போனவர். அவர் ரோபோக்களை எடுத்துவிட்டு ஆட்கள் கையால் இரும்பை அடித்துப் பழகுகிற இடங்களை ஜப்பான் ஃபேக்டரிகளில் உருவாக்கினார். கிராங்க்‌ஷாஃப்ட் செய்கிற ஒரு இடத்தில் அப்படிக் கையால் செய்து கற்றதை வைத்து லைனைத் திருத்தினதில் வீணாகும் பொருள் 10 சதவீதம் குறைந்தது என்று 2014ல் செய்தி வந்தது. அவர் வாதம் எளிமையானது. மெஷினைத் திருத்தணும்னா அந்த வேலையைக் கையால் செய்யத் தெரிந்த ஆள் வேணும். கையால் செய்யத் தெரிந்தவன் ரிட்டயர் ஆகிப் போய்விட்டால், மெஷின் அன்னிக்கு எப்படி இருந்ததோ அப்படியே உறைஞ்சு போகும்.

சமீபத்து உதாரணமும் ஒண்ணு. சுவீடனின் கிளார்னா கம்பெனி 2024 பிப்ரவரியில், எங்கள் ஏ.ஐ. உதவியாளர் 700 பேர் வேலையைச் செய்கிறது என்று தம்பட்டம் அடித்தது. 2025 மே மாசத்தில் அதே தலைமை அதிகாரி, செலவை மட்டும் பார்த்ததில் தரம் இறங்கிப் போச்சு, வாடிக்கையாளர் பேசுவதற்கு மறுபடி ஆள் எடுக்கிறோம் என்றார்.

மாமா, மஸ்க், டொயோட்டா, கிளார்னா. நாலு பேருக்கும் பொதுவா என்ன? புத்திசாலித்தனம்னு நான் சொல்ல மாட்டேன். சாஃப்ட்வேரோ மெஷினோ சொதப்பினபோது நஷ்டம் யார் பாக்கெட்டிலிருந்து போச்சு? முடிவெடுக்கிறவர் பாக்கெட்டிலிருந்தே போச்சு. மாமாவுக்கு வெயிட்டிங் சார்ஜ் போச்சு. மஸ்க்குக்கு கார் வெளிய வரலை. அதனால சீக்கிரம் திரும்பினாங்க. வலி ஒருத்தருக்கு, முடிவு இன்னொருத்தருக்குன்னு பிரிஞ்சு கிடந்தா என்ன ஆகும்?

அதுக்கு பிரிட்டன் தபால்துறை. 1999-2000ல் ஊர் ஊரா இருந்த சின்னத் தபால் நிலையங்களுக்கு ஹொரைசன் என்கிற ஃபுஜிட்சு சாஃப்ட்வேர் வந்தது. பேப்பர் கணக்கு போச்சு. சாஃப்ட்வேர் சில சமயம் இல்லாத பற்றாக்குறையைக் காட்டும். அந்தப் பணத்தை நிலையம் நடத்துகிறவரே கட்டணும் என்பது ஒப்பந்தம். வீட்டை விற்றுக் கட்டினவர்கள் உண்டு. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிஸ்டத்தில் பிழை இருந்தது என்று லண்டன் ஹைகோர்ட் சொன்னது 2019ல். தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்ய பார்லிமெண்ட் சட்டம் போட்டது 2024ல். அந்த ஒவ்வொரு பற்றாக்குறையும் தலைமை அலுவலகத்துக்கு வசூல்தான், நஷ்டம் இல்லை. அப்புறம் எதுக்கு அவங்க நோட்டுக்குத் திரும்பப் போறாங்க?

இப்போ நம்ம ஊருக்கு வரேன். எங்க பக்கம் வானம் தெளிவா இருந்தா கொல்லிமலை தெரியும். நாமக்கல் மாவட்டம், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு, மேலே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் 14 ஊராட்சிகள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று பஞ்சாயத்துக்கே நாடு என்றுதான் பேர். ஓரி ஆண்ட மலை என்பதால் அந்த கெத்து.

கைவேலைதான் புனிதம் என்று யாராவது கிளம்பினால் அவர்களை இந்த மலைக்குத்தான் கூட்டிக்கொண்டு வரணும். இங்கே சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலாச் சாமை என்று எத்தனையோ ரகம். அந்தச் சாமையைச் சோறாக்கணும்னா உமியைப் போக்கணும். உரலில் போட்டு உலக்கையால் குத்துவது, புடைப்பது, மறுபடி குத்துவது. அத்தனையும் பெண்கள் வேலை. நெல்லுக்கு மில் ஊருக்கு ஊர் வந்தது, சாமைக்கு வரலை. அதுக்காக யாரும் மெனக்கெடலை, ஏன்னா வலிக்கிற தோள் மெஷின் வாங்குகிற ஆளுடையது இல்லை. ரேஷன் அரிசி வந்தது. சேலம், ராசிபுரம் பக்கத்து சேகோ ஃபேக்டரிகளுக்கு மரவள்ளி போட்டால் கையில் காசும் வந்தது. சாமை நிலம் சுருங்கிப் போச்சு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலையில் வேலை செய்ய வந்து, 2001க்குப் பிறகு மகளிர் குழுக்கள் மூலமா உமி நீக்கும் மெஷின்களைக் கொண்டு வந்தது, மிச்சம் இருந்த ரகங்களைக் காப்பாத்த. "கைக்குத்தல்" என்று பாக்கெட்டில் அச்சடித்து சென்னையில் விலை கூட்டி விற்கும்போது, குத்தின கையை எனக்கு ஞாபகம் வரும். மெஷின் வேண்டியது அந்தக் கைக்குத்தான்.

அதே மலையில், அதே மாதிரிப் பெண்களிடம், 2020களில் சாஃப்ட்வேர் வேறு பக்கமாக வந்து சேர்ந்தது. நூறு நாள் வேலை.

சட்டம் 2005. நாமக்கல் மாவட்டத்துக்கு வந்தது 2008 ஏப்ரல். ஆரம்பத்தில் வருகைப் பதிவு பேப்பரில். எங்க பக்கம் என்.எம்.ஆர். என்பார்கள். அதில் தில்லுமுல்லு இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. வராத ஆள் பேரில் வருகை, செத்தவர் பேரில் கூலி என்று நாடு முழுக்கப் புகார். அதுக்கு மருந்தாக மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2021 மே மாசம் ஒரு ஆப் கொண்டு வந்தது: நேஷனல் மொபைல் மானிட்டரிங் சாஃப்ட்வேர். 2022 மே முதல் 20 பேரோ அதுக்கு மேலோ வேலை செய்கிற இடங்களில் கட்டாயம். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளி வேலைகள் தவிர, எல்லா இடத்திலும். காலையில் ஒரு குரூப் ஃபோட்டோ, மத்தியானம் ஒண்ணு. இடமும் நேரமும் அதில் பதிவாகும். எடுத்து ஏற்ற வேண்டியது பணித்தளப் பொறுப்பாளர், அவருடைய சொந்த ஸ்மார்ட்ஃபோனில்.

ஒரு இன்ஜினியராகப் பார்த்தால் டிசைன் குறை சொல்ல முடியாத மாதிரித்தான் தெரியும். சிக்னல் இல்லைன்னா ஆஃப்லைனில் எடுத்து அப்புறம் ஏற்றலாம். ஏறவே இல்லைன்னா? விதிவிலக்கான சூழ்நிலையில் மாவட்டத் திட்ட ஒருங்கிணைப்பாளர், அதாவது கலெக்டர், கையால் வருகை போட அனுமதிக்கலாம் என்று விதி. எக்ஸப்ஷன் ஹேண்ட்லிங் இருக்கு பாருங்க!

இதைக் கொல்லிமலை மேல வெச்சுப் பாருங்க. கலெக்டர் ஆபீஸ் 70 வளைவுக்குக் கீழே நாமக்கல்லில். ஒரு நாள் கூலி 2023-24ல் தமிழ்நாட்டுக்கு 294 ரூபாய். ஒரு மத்தியான ஃபோட்டோ ஏறலைன்னா, பொறுப்பாளர் செம்மேட்டில் ஒன்றிய அலுவலகத்தில் சொல்லி, அது மாவட்டத்துக்குப் போய், அனுமதி திரும்பி வரணும். 294 ரூபாய்க்கு யார் அந்தப் பாதையில் ஏறி இறங்குவாங்க? பேப்பர் இருந்தபோது தன் பேருக்கு நேராக வருகை விழுந்ததா என்று அந்த இடத்திலேயே எட்டிப் பார்க்கலாம், சண்டை போடலாம். ஆப்பில் எதை எட்டிப் பார்ப்பது? வேலை செய்தும் ஃபோட்டோ ஏறாததால் கூலி போனது என்று பல மாநிலத் தொழிலாளர்கள் சொன்னார்கள். இந்த ஆப்பையும் ஆதார் வழிக் கூலியையும் எதிர்த்து 2023 பிப்ரவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் நூறு நாள் தர்ணாவே ஆரம்பித்தார்கள். ஆப் போகலை.

திருட்டாவது நின்றதா? இதுக்கு எதிர்க்கட்சி பதில் எல்லாம் வேண்டாம், அமைச்சகமே 2025 ஜூலை 8ல் போட்ட சுற்றறிக்கை இருக்கிறது. ஆப் எப்படியெல்லாம் ஏமாற்றப்படுது என்று அதிலேயே பட்டியல்: சம்பந்தமில்லாத ஃபோட்டோ, நேரில் ஆளை எடுக்காமல் பழைய ஃபோட்டோவை ஃபோட்டோ எடுப்பது, படத்தில் இருக்கும் தலைக்கும் கணக்கில் இருக்கும் தலைக்கும் பொருந்தாமை, ஒரே ஆள் பல என்.எம்.ஆரில், மத்தியான ஃபோட்டோவே இல்லாமை. ஃபோட்டோவை ஃபோட்டோ எடுப்பது! என் வேலை அனுபவத்தில் இவ்வளவு அழகான ஹேக்கை நான் பார்த்ததில்லை. வராத ஆளைப் பேப்பரில் வர வைத்தவன் ஆப்பிலும் வர வைத்துவிட்டான். உண்மையா வந்த ஆள்தான் சிக்னல் இல்லாம விழுந்தாள்.

அமைச்சகம் சொன்ன தீர்வு என்ன தெரியுமா? பஞ்சாயத்து மட்டத்தில் ஏறுகிற படங்களையும் வருகையையும் நூறு சதவீதம் ஆட்கள் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கணும்; அதுக்கு மேல ஒன்றியம், மாவட்டம், மாநிலம் என்று ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு பங்கு. அதாவது கைவேலை திரும்பி வந்துடுச்சு, ஆனா சாஃப்ட்வேர் போகலை. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்துக்கிச்சு. மாமா மாதிரி தூக்கிப் போட்டுட்டு நோட்டை எடுக்கலை. நோட்டையும் எழுது, பேக்கேஜிலும் போடு, ரெண்டும் பொருந்தாவிட்டால் டிரைவர் பத்தாவில் பிடி.

"அரசாங்கமும் கம்பெனியும் ஒண்ணா?" என்று நீங்கள் கேட்பது கேட்குது. ஒண்ணில்லைதான். ஆனா எங்க ஆபீஸிலும் இதே வடிவத்தைப் பார்த்திருக்கேன். சாஃப்ட்வேரை வாங்குகிற மேலாளருக்கு டேஷ்போர்டு கிடைக்கும். அதில் விடுபட்டதை எக்ஸெல்லில் ராத்திரி உட்கார்ந்து நிரப்புகிற ஆள் வேற. மேலே போகிற ரிப்போர்ட்டில் அந்த எக்ஸெல் இருக்காது. அவருக்கு ஒரு கயிறு கொடுத்து, இழுத்தால் லைன் நிற்கும் என்று சொல்லிப் பாருங்க, அந்த சாஃப்ட்வேர் ஒண்ணு திருந்தும், இல்லைன்னா அடுத்த மாசம் போயிடும்.

2025 டிசம்பரில் பார்லிமெண்ட் நூறு நாள் வேலைச் சட்டத்தையே மாற்றி, 125 நாள் என்று புதுச் சட்டம் நிறைவேற்றியது. அதில் பயோமெட்ரிக் சரிபார்ப்பு உண்டு, ஜி.பி.எஸ்., மொபைல் வழிக் கண்காணிப்பு உண்டு, ஏ.ஐ.யும் உண்டு. அதை வரி வரியாப் படிச்சவங்க யாராவது இங்கே இருந்தா ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க: குண்டூர் நாட்டில் மழை பிடிச்சு டவர் செத்த ஒரு மத்தியானம், அன்னிக்குக் கூலி யார் கணக்கில் போகும்?